கைதட்டுகிறவள்

ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. அவ்வளவுதான் ஆடவிட்டாள் அந்தக் கூடைப்பந்துக் கோச்சம்மா. பந்து ஒரு தடவைகூடக் கையில் படவில்லை, இடது ஓரத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம், அதற்குள் ஹாரன் அடித்து, டேஷா பெஞ்சிலிருந்து ஓடிவந்து இரியாவின் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரியா வெளியே வந்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள், நான் என்ன செய்தேன், ஓடினேன், நின்றேன், வந்துவிட்டேன், இதற்கு ஆயிரம் பேர் எழுந்து நிற்க வேண்டுமா? கோச் ஹாஸ்கெட் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "உன்னை நெனச்சா எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா, கண்ணு." கண்ணாம். அந்த வாசனைத் தைலத்தின் நெடி இரியாவின் மூக்கில் ஏறியது. அவள் கட்டிக்கொள்ளவில்லை, கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள், ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு நல்ல கோச்சும் ஒரு நல்ல பெண்ணும் உணர்ச்சிவசப்பட்டு நிற்பதுபோலத்தான் இருக்கும். நாளைக்குக் கல்லூரிப் பத்திரிகையில் அந்தப் படம் வரும். வரிசையின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வியர்க்கவே இல்லை. வியர்வை துடைக்கிற துண்டு, வியர்க்காத உடம்பு. எதிர்ப்பக்கம், மூன்றாவது வரிசையில், யாரிடமோ இரவல் வாங்கிய சிவப்புக் கோட்டும் மடியில் கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்துமாக அம்மா இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் தட்டினாள். பிறகு தன் முட்டியைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டாள்: வலிக்குதா?

இரியா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஒன்றுமில்லை, நல்லாயிருக்கேன். முட்டி நல்லாத்தான் இருக்கிறது. முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு வருஷமாக அதற்கு ஒரு கேடும் இல்லை என்பதுதான் விஷயமே. நேற்று விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட சோளக்காடு முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா கார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "கடலே கிடையாதா இந்த ஊர்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மெதுவாகச் சொல்லி வைத்தாள், அம்மா, முட்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது, நாளைக்கு ரொம்ப நேரம் ஆட விடமாட்டாங்க. அம்மா பதறிப்போனாள். "அப்போ ஆடாதே. எனக்காக ஆடாதே. நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், ஆட்டத்தைப் பார்க்க வரல." நல்ல அம்மா. நல்லவளாக இருக்கிற அம்மாவிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம், கெட்ட அம்மாவாக இருந்தால் நோண்டி நோண்டிக் கேட்டிருப்பாள், அப்போதே பிடிபட்டிருக்கலாம், நிம்மதியாகப் போயிருக்கும். மூன்று விமானம் மாறி வந்திருக்கிறாள். சாவோ ஜோர்ஜ் தீவைவிட்டு அதற்கு முன்னால் அவள் தாண்டியது லிஸ்பன் வரைக்கும்தான், அதுவும் இரியாவின் முட்டி ஆபரேஷனுக்காக. ஏன் வந்தாள்? வராதே என்று எத்தனை தடவை சொன்னேன், குளிர் அம்மா, தூரம் அம்மா, உனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. வந்துவிட்டாள். பாலாடைக்கட்டி ஆலையில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, மகள் ஆடுவதைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பெஞ்சில் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள், இரியாவும் எழுந்தாள், டேஷா போட்ட பந்து உள்ளே விழுந்திருக்கிறது, மூன்று பாயின்ட், மூன்று விரலை உயர்த்தித் துண்டைச் சுழற்ற வேண்டும். சுழற்றினாள். உடம்பு தானாகச் செய்கிறது. மாடு செக்கைச் சுற்றுவதுபோல. போன வருஷம் இதற்குத்தான் விருது கொடுத்தார்கள் அவளுக்கு, கண்ணாடிப் பலகையில் பேர் பொறித்து, 'அணியின் இதயம்' என்று. ஹாஸ்கெட் மைக்கில் பேசினாள்: "பெஞ்சிலிருந்து இவ கொடுக்கிற உற்சாகம் இருக்கே, அதை நீங்க ஸ்கோர்போர்டுல பார்க்க முடியாது." பார்க்க முடியாதுதான். இல்லாததை எப்படிப் பார்ப்பது. ஐந்து வயதிலிருந்து பந்து தட்டியது, தீவில் ஒரே ஒரு மூடிய அரங்கம், கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துவிட்டு அந்த வாளியைச் சுற்றிச் சுற்றியே பந்தைக் கொண்டுபோகப் பழகியது, பதினாறு வயதில் நாட்டு இளையோர் அணியில் ஆடியது, எல்லாம் இதற்குத்தான், இன்னொருத்தி போட்டால் எழுந்து துண்டு சுற்றுவதற்கு. பக்கத்து நாற்காலியில் இருந்த முதல் வருஷப் பெண் ப்ரூக், சூயிங்கம்மை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னாள், "நீ ரொம்ப ஸ்வீட், இரியா. உன் இடத்துல நான் இருந்தா அழுதுருப்பேன்." இரியா சிரித்தாள். அறையலாம்போல இருந்தது. பாவம், அது சின்னப் பெண், அதற்கு என்ன தெரியும். டேஷாமேல்கூடக் கோபப்பட முடியவில்லை, அவள் நன்றாக ஆடுகிறாள், தோற்றால் அழுகிறாள், இரியாவின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தவள் அவள்தான். கோபப்படவும் ஆள் வேண்டுமே. கோபத்தை வைத்துக்கொண்டு எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், தலைச்சுமைக்காரி மாதிரி எத்தனை நாளைக்கு நின்றுகொண்டிருப்பது?

பழைய கோச்சிடம் இறக்கலாம். அவன்தான் வந்தான் தீவுக்கு, இந்தக் கல்லூரி அணிக்கு ஆள் எடுக்க. அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து, மீன் குழம்பை ரொட்டியில் தோய்த்து இரண்டு தட்டுச் சாப்பிட்டான், விரலை நக்கினான், அம்மா வேலை செய்கிற ஆலையின் பாலாடைக்கட்டியை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினான். "நாலு வருஷம். உங்க பொண்ணு என் பொண்ணு." இரியாதான் மொழிபெயர்த்தாள். அம்மா கேட்டாள், "நாலு வருஷமும் இவர்தானே இருப்பார்? கேளு." கேட்டாள். அவன் நெஞ்சில் கையை வைத்தான். நெஞ்சில் வைக்கிற கை எதற்கும் ஆகாது என்று அப்போது தெரியவில்லை. முதல் வருஷம் பதினெட்டு ஆட்டத்தில் அவளை முதல் ஐவரில் இறக்கினான், அதை மட்டும் சொல்ல வேண்டும், பொய்யில்லை. இரண்டாம் வருஷம் டிசம்பரில், ஆட்டத்தில்கூட இல்லை, வெறும் பயிற்சியில், யாரும் இடிக்காமலேயே, காலை ஊன்றித் திரும்பினாள், முட்டிக்குள் ஏதோ ஒன்று 'டப்' என்றது. ஈரத்துணியை உதறினாற்போலச் சத்தம். வலி அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது அந்தச் சத்தம்தான், இன்றைக்கும் யாராவது சூயிங்கம்மை ஊதி உடைத்தால் உடம்பு விதிர்க்கிறது. லிஸ்பனில் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது, பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போகிறானாம், வாழ்க்கையில் சில முடிவுகள் கஷ்டமானவையாம், கடைசியில் மூன்று இதயப் படம். மூன்று. ஒன்று போதாதா? அவள் அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டாள். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. அவன் போனதுகூட இல்லை, தான் போட்ட அந்தக் கட்டைவிரல். ஏன் போட்டேன்? சரி என்று ஏன் சொன்னேன்? எவன் எதைச் செய்தாலும் கட்டைவிரலைத் தூக்குகிற கையை முறித்துப் போட்டால் என்ன?

பிறகு வந்தவள்தான் ஹாஸ்கெட். வரும்போதே பழைய கல்லூரியிலிருந்து தன் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆகஸ்டில் அறைக்குக் கூப்பிட்டு, நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேசினாள். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், இரியா. வேற ஒரு கல்லூரி, சின்னதா, உனக்குப் பொருத்தமா இருக்குமோ என்னமோ." முட்டி சரியாகிவிட்டது என்றாள் இரியா. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். "சந்தேகமே இல்ல, கண்ணு. ஆனா வேகம்னு ஒண்ணு இருக்கு இல்லையா." பதினொரு கல்லூரிக்கு எழுதினாள். ஒன்பது பேர் பதிலே போடவில்லை, இரண்டு பேர் முட்டியின் எக்ஸ்ரே கேட்டார்கள், அனுப்பினாள், அவர்களும் அப்புறம் போடவில்லை. சரி, இங்கேயே இருக்கிறேன், ஆடிக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், பயிற்சியில் டேஷாவை ஓடவிட்டாள், மூச்சு வாங்க வைத்தாள், ஹாஸ்கெட் விசில் ஊதிவிட்டுச் சொல்வாள், பாருங்க, இரியா எப்படி டேஷாவைத் தயார் பண்றா பாருங்க. தயார் பண்றாளாம். அதாவது சாணைக்கல். கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும்.

ஹாரன். இடைவேளைக்குப் போய் வந்ததும் தெரியவில்லை, அவள் அணி பதினான்கு முன்னால் இருந்தது. அம்மா பையிலிருந்து எதையோ எடுத்துப் பக்கத்தில் இருந்த அமெரிக்கக் குடும்பத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஊர்ப் பலகாரமாக இருக்கும், அவர்கள் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள், அம்மா இரியாவைச் சுட்டிக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். என் பொண்ணு. அந்த அமெரிக்கக்காரி தலையாட்டினாள், ஓ, அவளா, என்று. அவளுக்குத் தெரியும். பருவச் சீட்டு வைத்திருக்கிறவள், எல்லா ஆட்டத்துக்கும் வருகிறவள், எவள் ஆடுகிறாள் எவள் துண்டு சுற்றுகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறந்து எதையாவது சொல்லிவிடுவாளோ? அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாததும் நல்லதுதான். ஆட்டத்துக்கு முன்னால், சீனியர் நாள் என்று, கடைசி வருஷப் பெண்களைப் பெற்றோருடன் நடுவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள், மைக்கில் ஒருவன் படித்தான், இரியா சில்வீரா, தாயார் நட்டாஷா, ஸ்பெயின் நாட்டின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து. அம்மாவின் பேர் நத்தேர்சியா. அதுகூடப் போகட்டும், நாடும் தப்பு. "ஸ்பெயின்னா சொன்னான்?" என்றாள் அம்மா, சிரித்த முகத்தை மாற்றாமலே. "இல்லம்மா. வேற ஏதோ." பார்த்தாயா, எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

எட்டு. அந்த எட்டுதான் முதல். மூன்றாம் வருஷத்து முதல் ஆட்டம் முடிந்து, அவள் நாற்பது நிமிஷமும் உட்கார்ந்தே இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் அம்மா எடுத்த எடுப்பில் கேட்டாள், எத்தனை போட்டே? சைபர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எட்டு என்று வந்தது. எங்கிருந்து வந்தது அந்த எட்டு? யோசித்துச் சொன்னதில்லை. பத்து என்றால் பெருமையாகத் தெரியும், ஆறு என்றால் பாவமாகத் தெரியும் என்று உள்ளே இருந்த எவளோ ஒருத்தி கணக்குப் போட்டிருக்கிறாள். "எட்டா! முட்டிக்கு அப்புறம் எட்டா!" அம்மா அழுதாள். மறுநாள் ஆலை முழுக்கச் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள், மீன் விற்கிறவனிடம் சொன்னாள். அதற்கப்புறம் எப்படி இறங்குவது? பன்னிரண்டு, ஒன்பது, ஒரு தடவை பத்தொன்பது. நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே என்று நடுநடுவே குறைத்தும் சொன்னாள், இன்னைக்கு ரெண்டுதான்மா, ஒண்ணுமே விழல. அன்றைக்கு அம்மா அரைமணி நேரம் தேற்றினாள். நடக்காத ஆட்டத்தில் போடாத பந்து விழாமல் போனதற்கு அம்மா தேற்ற, அவள் நிஜமாகவே அழுதாள், போனை வைத்த பிறகும் அழுதாள், அதுதான் அந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒழுங்காக அழுத ஒரே அழுகை. தூ. யார்மேல் துப்புவது? ஹாஸ்கெட்டா எட்டு என்று சொல்லச் சொன்னாள்?

ஆனால் இன்றைக்கு நிமிஷம் தருகிறேன் என்று அவள்தானே சொன்னாள். போன வாரம், அறையில், மேஜையைத் தொட்டுச் சொன்னாள். லிஸ்பனுக்குப் பக்கத்தில் ஒரு கிளப் எழுதியிருந்தது, அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கிறோம், உங்கள் சமீபத்திய ஆட்டக் காட்சிகளை அனுப்புங்கள் என்று. சமீபத்தியது. அவளிடம் இருப்பதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்தையது, முட்டிக்கு முந்தையது, வேறு எவளோ ஆடுவதுபோல இருக்கும் அதைப் பார்த்தால். ஹாஸ்கெட்டிடம் போய் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள். பத்து நிமிஷம் போதும் கோச், ஆட்டம் நடக்கும்போது, உயிரோட இருக்கும்போது. "கண்டிப்பா. சீனியர் நாள் உன் நாள்." உன் நாள் என்றால் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஏழு நிமிஷம், ஆறு, வித்தியாசம் பத்தொன்பது, இருபத்திரண்டு. எதிரணி தோள் தொங்கிப் போய்விட்டது, இனி ஆட்டம் செத்த ஆட்டம். மூன்று நிமிஷம் இருக்கையில் மாணவர்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து அது கிளம்பியது. அவள் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். முதலில் இரண்டு குரல், அப்புறம் முப்பது, அப்புறம் மூலை முழுவதும், காலால் தட்டிக்கொண்டு, இ-ரி-யா, இ-ரி-யா. அன்பில்லாமல் இல்லை. அன்புதான். வீட்டில் வளர்க்கிற வயசான நாயை ஒருநாள் சோபாவில் ஏறவிடுகிற அன்பு. எதிர்ப்பக்கம் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அத்தனை பேர் தன் மகளின் பேரைக் கூவுவதைக் கேட்டு, பூங்கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள், தானும் சேர்ந்து கூவினாள், இ-ரி-யா, ஊர் உச்சரிப்பில், அந்த ஒரு குரல் மட்டும் சரியாக. இரியாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. நிறுத்துங்கள். நிறுத்துங்களடா. ஹாஸ்கெட் திரும்பினாள், முகமெல்லாம் பல். "போ, கண்ணு. சந்தோஷமா ஆடு."

போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சிவப்புக் கோட்டு நின்றுகொண்டிருந்தது. போனாள். கடிகாரத்தில் ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு. உள்ளே போனதும் நாலு பேரும் பந்தை அவளிடமே தந்தார்கள், போடு, போடு, என்று கண்ணால் சொன்னார்கள். எதிரே அவளைக் காவல் காக்க வேண்டியவள் ஆறடி உயரமுள்ள ஒரு பெண், ஜெர்சியில் முப்பத்திரண்டு, அவள் இரண்டடி பின்வாங்கி, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "போட்டுக்கோ. நான் தொட மாட்டேன்." மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே, ஆளே இல்லாத இடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவாள் அதை. போட்டால் விழும், அரங்கம் இடியும், அம்மா ஊருக்குப் போய் ஆயுசுக்கும் சொல்லுவாள், வீடியோவை வெட்டி லிஸ்பனுக்கு அனுப்பலாம், காவல் காத்தவள் கையைத் தூக்காமல் நின்றதை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பலாம். யாருக்குத் தெரியும்? இதுவும் ஒரு பொய். இதுவும் ஒரு எட்டு. இரியாவின் காதுமடல் கொதித்தது. பந்தைப் போடவில்லை. தரையில் ஒரு அடி அடித்தாள், இன்னொரு அடி, நேராக அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே போய் நின்றாள். "கையைத் தூக்கு." அவள் விழித்தாள். "என்ன?" "கையைத் தூக்குடி! ஆடு!" அது போர்ச்சுகீசில் வந்ததா இங்கிலீஷில் வந்ததா தெரியவில்லை, ஆனால் முப்பத்திரண்டுக்குப் புரிந்தது, அவள் முகம் மாறியது, முட்டியை மடக்கித் தாழ்ந்தாள், கைகள் மேலே வந்தன. அப்படித்தான். இரியா இடதுபக்கம் தோளை ஆட்டி வலதுபக்கம் பாய்ந்தாள், ஆபரேஷன் செய்த காலை ஊன்றினாள், முட்டி தாங்கியது, எழும்பினாள், பந்து விரலைவிட்டுக் கிளம்பியது, எங்கிருந்தோ அந்த நீளக் கை வந்து 'பளார்' என்று அதை அறைந்து மூன்றாவது வரிசைக்கு அனுப்பியது. அரங்கம் "ஐயோ" என்றது. இரியா தரையில் விழுந்து கிடந்தாள், முழங்கை சிராய்த்து எரிந்தது, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஒருத்தி தடுத்திருக்கிறாள். "ஸாரி," என்று முப்பத்திரண்டு கையை நீட்டினாள். "ஸாரி சொல்லாதே," என்றாள் இரியா, கையைப் பிடித்து எழுந்தாள். மிச்சமிருந்த ஒரு நிமிஷமும் வெறிபிடித்தவள்போல ஓடினாள், இருபத்திரண்டு பாயின்ட் முன்னால் இருக்கிற அணியில் எவளும் ஓடாத ஓட்டம், பெஞ்சிலிருந்து ஹாஸ்கெட் போதும் போதும் என்று கையைக் காட்டினாள், அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஹாரன் அடித்தபோது அவள் பேருக்கு நேரே சைபர்.

கூட்டம் கலைந்து, படமெல்லாம் எடுத்து முடிந்து, மற்றவர்கள் உள்ளே போன பிறகு அம்மா கோர்ட்டுக்குள் வந்தாள், பளபளக்கிற தரையில் செருப்புக்கால் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கி. "கேட்டியா? அத்தனை பேரும் உன் பேரைக் கத்தினாங்க! அந்த நெட்டைக்காரி மட்டும் குறுக்கே வரலேன்னா விழுந்திருக்கும்." இரியா முழங்கையிலிருந்து வந்த ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தாள். "அம்மா. நான் ஆடறதில்ல." "முட்டிதான் வலி..." "முட்டி வலியே இல்ல. ரெண்டு வருஷமா நான் ஆடவே இல்லம்மா. எட்டு, பன்னெண்டு, பத்தொன்பது, எல்லாம் பொய். ஒண்ணுகூட நான் போடல. அவங்க என் பேரைக் கத்தினது இரக்கப்பட்டு." சொல்லும்போது குரல் கெஞ்சவில்லை, கோபமாகத்தான் வந்தது, அம்மாமேல் கோபப்பட என்ன இருக்கிறது என்று தெரிந்தும் அப்படித்தான் வந்தது. சிவப்பு மெல்ல மெல்ல அம்மாவின் கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறியது. "நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே," என்றாள் முதலில். பணியாள் ஒருவர் அந்தக் கோடியிலிருந்து நாற்காலிகளை மடக்கி வண்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார். "எங்கே உட்காருவே?" என்றாள் அம்மா. இரியா கடைசி நாற்காலியைக் காட்டினாள். அம்மா போய் அதில் உட்கார்ந்தாள், பூங்கொத்தைத் தரையில் வைத்தாள், ஆட்டத்தைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து காலியான கோர்ட்டைப் பார்த்தாள். பணியாள் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே பக்கத்தில் வந்து, மரியாதையாகக் காத்து நின்றார். "அம்மா, எழுந்திரு, அவருக்கு நாற்காலி வேணுமாம்." "நிக்கட்டும்," என்றாள் நத்தேர்சியா, அந்த ஆளைத் திரும்பிப் பார்க்காமலே, பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு வருஷம் எம் பொண்ணு உட்கார்ந்திருக்கா. நான் ரெண்டு நிமிஷம் உட்கார்றேன். நிக்கட்டும்."